காத்திருக்கும் காலமும் கல்விக் காலமே
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியின் சிறப்பை இந்தச் சபைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் எதிரில் அமர்ந்திருக்கும்போது, அதைப் பற்றி நான் பேசுவது பொருந்தாது. ஆகவே, தலைவர் அவர்களின் அனுமதியோடு ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொள்கிறேன். மேற்படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பிய நாளுக்கும், அதன் முடிவு தெரியும் நாளுக்கும் இடையே ஒரு காலம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்தப் பொருள் என் மனத்தில் ஏன் எழுந்தது? என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி, சில நாட்களுக்கு முன் என்னைக் காண வந்தாள். பி.எட். முடித்து, எம்.எட். படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் கைப்பேசியை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தாள். "என்னம்மா, யாரிடமிருந்தாவது அழைப்பு வர வேண்டுமா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, பட்டியல் வந்துவிட்டதா என்று பார்க்கிறேன். இரவில் கூட எழுந்து பார்க்கிறேன். எனக்கெல்லாம் கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது" என்றாள்.

"எனக்கெல்லாம்" என்ற அந்த ஒரு சொல் என்னை வருத்தியது. விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வரவில்லை. ஆனால், தன்னைப் பற்றிய தீர்ப்பை அவளே எழுதி முடித்துவிட்டாள். தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்கு, மறுமொழி வராத மௌனமெல்லாம் மறுப்பாகவே தோன்றும். அது அவளுடைய குற்றமன்று. வரலாறு நம் மனத்தில் விட்டுச் சென்ற தழும்பு. ஆனால் இளைஞர்களே, மௌனம் மறுப்பு ஆகாது. அது வரிசை. அந்த வரிசை எப்படி நகர்கிறது என்பதை அறிந்துகொண்டால் அச்சத்தில் பாதி நீங்கிவிடும்.

நம் மாநிலத்தின் அரசு கல்வியியல் கல்லூரிகளில் பட்டப் படிப்பின் மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசைப் பட்டியல் ஆயத்தம் செய்கிறார்கள். 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு; அதற்குள் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. இதை நம்மில் பலர் அறிவர். ஆனால், எஞ்சிய 31 விழுக்காடு பொதுப் போட்டியும் நமக்கு உரியதே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நல்ல மதிப்பெண் பெற்ற நம் பிள்ளை முதலில் பொதுப் பட்டியலில் இடம் பெற வேண்டும். அப்போது ஒதுக்கீட்டு இடம் நம் வீட்டின் இன்னொரு பிள்ளைக்குப் போய்ச் சேரும். அது மட்டுமன்று. முதல் சுற்றில் இடம் பெற்ற சிலர் வேறு இடத்திற்குப் போய்விடுவார்கள். அவர்கள் விட்ட இடங்கள் கீழே இறங்கி வரும். எனவே, முதல் பட்டியலில் பெயர் இல்லை என்றவுடன் புத்தகத்தைக் கட்டி வைப்பது, பேருந்து வருவதற்கு முன்பே நிறுத்தத்தை விட்டு வீட்டுக்குத் திரும்புவதைப் போன்றது.

காத்திருத்தலின் இலக்கணத்தை வாழ்ந்து காட்டியவர் அண்ணல் அம்பேத்கர் அவர்கள். அவர் பெற்ற பட்டங்களை வரிசையாகச் சொல்லிக் கைதட்டுகிறோம்; அப்பட்டங்களுக்கு இடையே அவர் காத்திருந்த ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர்களுள் ஒருவர் ஜான் டூயி. 1916இல் வெளிவந்த 'சனநாயகமும் கல்வியும்' என்ற நூலுக்காகக் கல்வியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் அதே டூயிதான். அந்த 1916ஆம் ஆண்டிலேயே அண்ணல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பு பாதியில் நிற்க, ஊர் திரும்பினார். அவருடைய உடைமைகளையும் புத்தகங்களையும் ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. கையில் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற பல்கலைக்கழகத்தின் அனுமதி.

அந்த நாட்களில் அவர் என்ன செய்தார்? 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920ஆம் ஆண்டு சனவரியில் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். தாம் சேர்த்த பணத்தோடு, கோலாப்பூர் சாகு மகராசாவும் நண்பர் ஒருவரும் அளித்த உதவியையும் பெற்று, அந்த 1920ஆம் ஆண்டிலேயே, கெடு முடியும் முன்பாகவே, இலண்டன் திரும்பினார். 1921இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1922இல் அளித்த டி.எஸ்ஸி. ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் திருப்பிவிட்டார்கள். அவர் அதைத் திருத்தி மீண்டும் அனுப்பினார். 1923இல் அது ஏற்கப்பட்டது. காத்திருந்த காலத்தில் அவர் உழைத்தார், சேமித்தார், எழுதினார், பிறரிடம் உதவி கேட்கவும் கூச்சப்படவில்லை. இந்தக் கடைசிச் செய்தியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் என் சொந்த வாழ்க்கையில் இருக்கிறது.

நான் பி.ஏ. தேறி, 1991ஆம் ஆண்டு பி.எட். படிப்புக்கு விண்ணப்பித்தேன். அப்போது கைப்பேசி இல்லை. முடிவு அஞ்சலில்தான் வரும். எங்கள் தெருவுக்குள் அஞ்சல் வராது. எங்களுக்கு வரும் கடிதங்களை ஊர்த்தெருவில் உள்ள மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைக்காரருக்கு நினைவு வரும்போது, எங்கள் தெருவிலிருந்து சாமான் வாங்கப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். என் சேர்க்கைக் கடிதம் புளிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால், கல்லூரியில் பணம் கட்ட இரண்டே நாள் இருந்தது. என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. கட்டுத்தறியில் நின்ற கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு போனார். மாலையில் கயிறோடு மட்டும் திரும்பி வந்தார். அந்தக் கயிற்றை இன்றளவும் வைத்திருக்கிறேன்.

இந்தக் கதையை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இதற்கு அடுத்த கதையை இன்றுதான் முதன்முறையாகச் சொல்கிறேன். 1993இல் எம்.எட். படிப்புக்கு விண்ணப்பித்தேன். காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருந்தது. "எனக்கு இடம் கிடைக்கவில்லை" என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். என் மனைவியிடமும் அப்படியே சொன்னேன். அது உண்மையன்று. இடம் கிடைத்தது. ஒருவர் விட்டுப்போன இடத்திற்கு என்னை அழைத்து, நான்கு நாட்களுக்குள் பணம் கட்டுமாறு கடிதம் வந்தது. அவ்வாண்டு என் தங்கையின் திருமணக் கடன் தலைக்கு மேல் இருந்தது. தொழுவத்தில் விற்பதற்குக் கன்றும் இல்லை. அந்தக் கடிதத்தைத் தந்தையாரிடம் காட்டினால் அவர் வேறு எதையாவது விற்றுவிடுவார் என்று அஞ்சினேன், ஒருவரிடமும் காட்டவில்லை. எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் இருவர், அரசு வேலையில் இருந்த உறவினர் ஒருவர் என, கேட்டிருந்தால் கொடுத்திருக்கக்கூடியவர்கள் மூவர் இருந்தனர். கேட்கக் கூசினேன். நான்கு நாட்கள் கழிந்தன. இடம் வேறொருவருக்குப் போயிற்று. இன்று என் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எட். என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த எழுத்துக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு நாட்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

என்னை மறுத்தது கல்லூரியன்று. பணமில்லாமை பாதி, என் வாய் திறவாமை பாதி. இதை நான் ஏன் இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்? உங்களில் யாரும் இந்தப் பொய்யை முப்பது ஆண்டுகள் சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்று காலம் மாறியிருக்கிறது. கடிதத்திற்குக் கடைக்காரரின் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்ட வேண்டிய கெடு மட்டும் மாறவில்லை. மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல், அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது. ஆனால் உதவித்தொகை வங்கிக் கணக்கில் வந்து விழும் நாள் வேறு; கல்லூரி பணம் கேட்கும் நாள் வேறு. இந்த இரு நாட்களுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். வசதி படைத்தவன் பிள்ளையும் காத்திருக்கிறான், நம் பிள்ளையும் காத்திருக்கிறான். ஆனால் அவன் முடிவுக்காக மட்டுமே காத்திருக்கிறான். நம் பிள்ளையோ முடிவு வந்த பிறகும் பணத்திற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, காத்திருக்கும் இளைஞர்களுக்கு மூன்று சொற்கள். முதலாவதாக, காத்திருக்கும் நாட்களிலேயே சான்றிதழ்களைச் சேர்த்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஆதார் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் ஒரே உறையில் இருக்க வேண்டும். அழைப்பு வந்த பின் இ-சேவை மையத்திற்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் ஓடுவது கூடாது.

இரண்டாவதாக, ஒரே கதவைத் தட்டிவிட்டு நிற்காதீர்கள். எம்.எட். படிப்பு நம் மாவட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. மைசூரில் மண்டலக் கல்வியியல் நிறுவனம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளும் மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அயல்நாட்டில் முதுநிலைப் படிப்பும் ஆய்வுப் படிப்பும் படிப்பதற்கு, அட்டவணைச் சாதியினர் முதலியோர்க்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 60 விழுக்காடு மதிப்பெண்ணும் 35 வயதுக்கு மேற்படாமையும் அதற்குரிய தகுதிகளுள் அடங்கும். விண்ணப்பித்தவன் பத்துப் பேருள் ஒருவனாக நிற்கிறான். விண்ணப்பிக்காதவன் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மூன்றாவதாக, அந்த நாட்களில் சும்மா இராதீர்கள். நீங்கள் ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர்கள். ஆசிரியருக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்பதில்லை. நான்கு பிள்ளைகளும் ஒரு விளக்கும் போதும். நம் சங்கத்தின் இரவுப் பாடசாலையில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஆள் இல்லை. என்னைக் காண வந்த அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். இப்போது மாலை ஆறு மணிக்கு அவள் அங்கே வருகிறாள். கைப்பேசியைப் பையிலிருந்து எடுப்பதில்லை. "பட்டியல் வந்துவிட்டதா அம்மா?" என்று நேற்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. "இன்னும் இல்லை ஐயா; ஆனால் பின்னக் கணக்கு முடிந்துவிட்டது" என்றாள்.

இறுதியாக, பெரியோர்களிடமும் உறுப்பினர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாக ஒரு வளைவு எழுப்பலாம் என்று பேச்சு இருக்கிறது. நல்லதே. ஆனால் அதற்கு முன்பாக, 'முதல் தவணை நிதி' என்று ஒன்றைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் கிடைத்த பிள்ளை அழைப்பைக் கொண்டுவந்து காட்டினால் அன்றே முதல் தவணையைச் சங்கம் கட்டட்டும். உதவித்தொகை வந்தவுடன் அந்தப் பிள்ளை திருப்பிக் கட்டட்டும். அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். இது தருமம் அன்று, கைமாற்று. கேட்கக் கூசும் பிள்ளை கூசாமல் கேட்பதற்கு ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு நம் சங்கமாக இருக்க வேண்டும். இந்நிதிக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை இம்மேடையிலேயே செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். 1993ஆம் ஆண்டு என்னால் கட்ட முடியாமல் போன பணத்தை, இன்று வேறொரு பிள்ளைக்காகக் கட்டுவதாக எண்ணிக்கொள்கிறேன்.

இளைஞர்களே! முடிவு எதுவாயினும் அது ஒரு கல்லூரியின் ஓராண்டு முடிவே. உங்களைப் பற்றிய முடிவு அன்று. கிடைத்தால் வந்து சொல்லுங்கள், சேர்ந்து மகிழ்வோம். கிடைக்காவிட்டாலும் வந்து சொல்லுங்கள். அடுத்த விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுதுவோம். என்னைப் போல் மறைக்க மட்டும் செய்யாதீர்கள்.