துடிக்கும் இருதயமும் யந்திரக் கையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

இருதய ரணசிகிச்சையைப் பற்றி நம்மவருள் இருவிதப் பேச்சு நிலவுகின்றது. "ரோபோவே ஆபரேஷன் செய்துவிடுமாம்" என்று சிலர் வியக்கின்றனர். "யந்திரத்தினிடம் உயிரை ஒப்புவிப்பதா?" என்று சிலர் அஞ்சுகின்றனர். இரண்டும் பிழையென்று எடுத்துரைப்பதே என் நோக்கமாகும்.

இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 தடவை துடிக்கின்றது. உடலெங்கும் இரத்தத்தை அனுப்பும் அவ்வுறுப்புக்கும் இரத்தம் வேண்டுமன்றோ? அதனைக் கொண்டுசெல்லும் குழாய்கள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. அவை கொழுப்புப் படிந்து அடைபடுமாயின் மார்வலியும் மாரடைப்பும் நேரிடுகின்றன. வாய்க்கால் தூர்ந்தவிடத்து உழவன் பக்கத்தில் வேறு கால் வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்சுவதுபோல, அடைப்புக்கு அப்பால் வேறு குழாயை இணைத்து இரத்தத்தைச் செலுத்துவதே பைபாஸ் சிகிச்சை.

1953ஆம் வருஷம் அமெரிக்காவில் டாக்டர் ஜான் கிப்பன் இருதய நுரையீரல் யந்திரத்தை முதன்முதல் வெற்றியுடன் உபயோகித்தார். அதனால் இருதயத்தை நிறுத்திவைத்துச் சிகிச்சை செய்ய வழி பிறந்தது. ஆயினும் 1964ஆம் வருஷம் லெனின்கிராட் நகரில் டாக்டர் வசீலி கோலெசோவ், அந்த யந்திரமின்றியே, மார்பின் உட்புறத் தமனியைத் துடிக்கும் இருதயத்தின் குழாயோடு தைத்தார். 1999ஆம் வருஷம் கனடாவிலுள்ள லண்டன் நகரில் டாக்டர் டக்ளஸ் பாய்ட், ஜீயஸ் என்னும் யந்திரக் கைகளைக் கொண்டு, மார்பைப் பிளவாமலே துடிக்கும் இருதயத்தில் பைபாஸ் செய்தார்.

இம்முறையில் விலா எலும்புகளுக்கிடையே சிறு துவாரங்களிட்டு, காமிராவும் கருவிகளும் செலுத்தப்படுகின்றன. வைத்தியர் சற்று அப்பால் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட காட்சியைக் கண்டவாறே கைகளை அசைக்க, யந்திரம் அவ்வசைவை நடுக்கம் நீக்கிப் பின்பற்றுகின்றது. தைக்கும் இடத்தை மட்டும் ஒரு கருவி அசையாது பிடித்துக்கொள்ள, மற்றப் பாகம் துடித்துக்கொண்டே இருக்கும். யந்திரம் தானாக ஒரு தையலும் போடுவதில்லை. ஆகவே அஞ்சுவோர் அஞ்ச வேண்டுவதில்லை, கை வைத்தியருடையதே.

வியப்போருக்கும் ஒரு வார்த்தை. மார்பெலும்பு பிளக்கப்படாமையால் நோயாளி விரைவில் தேறுவது மெய்யே. எனினும் இது எல்லோருக்கும் பொருந்துவதன்று. பல குழாய்களில் அடைப்புள்ளவர்களுக்கு மார்பைத் திறப்பதே பெரும்பாலும் உசிதமாகும். துடிக்கும் இருதயத்தில் தைப்பதே எப்போதும் மேலானது என்பதும் நிரூபணமாகவில்லை. 2009ஆம் வருஷம் வெளியான, 2,203 பேரைக் கொண்ட அமெரிக்கப் பரிசோதனையில், ஓராண்டிற்குப் பின் யந்திரத் துணையுடன் செய்த இணைப்புகளே அதிகமாகத் திறந்திருந்தன. 2012இல் வெளியான, 4,752 பேரைக் கொண்ட மற்றொரு பரிசோதனையில் முதல் 30 நாட்களின் முக்கிய பலன்களில் குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை.

ஆதலின் ரோபோ என்ற பெயருக்காக நிலத்தை அடகு வைப்பதும், அதற்காகக் காத்திருந்து தக்க காலத்தைத் தவறவிடுவதும் தகாது. வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். என் அடைப்புக்கு இம்முறை பொருந்துமா? தாங்கள் இம்முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நடுவில் மார்பைத் திறக்க நேர்ந்தால் அதற்கு ஆயத்தம் உண்டா? நல்ல வைத்தியர் இவற்றுக்கு முகஞ்சுளியார்.

சகோதரிகளே! வீட்டு வேலை நின்றுவிடுமென்று மார்வலியை மறைத்துவைப்பவர் உங்களுள் அநேகர். எத்தகைய யந்திரமும் சொல்லாத நோயைத் தீர்க்காது. வலியை மறைக்காமற் சொல்லுங்கள். சொல்லக் கேட்ட ஆடவர் அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.