கரண்டி பிடித்த கைக்குக் கல்வி வேண்டும்!

(தென்காசியில் கட்டிடத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சாரம்)



இங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் காசி விசுவநாதர் கோயில் கோபுரம் தெரிகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினான் என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்வான். கல் உடைத்தவன் யார்? சாரம் கட்டியவன் யார்? சுண்ணாம்பு அரைத்தவள் யார்? அது யாருக்கும் தெரியாது. 1924-இல் அந்தக் கோபுரம் தீயில் சிதைந்தது. 1990-இல் மறுபடியும் எழுந்து நின்றது. அப்போதும் அதைத் தூக்கி நிறுத்தியது வேலை தெரிந்த கைதான்.

அந்த வேலையை இன்று யார் யாருக்குக் கற்றுத் தருகிறார்கள்? கற்கிறவனுக்கு அன்றைய கூலியை யார் தருகிறார்கள்? இதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

கூட்டத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். "இது கொத்தனார் விஷயம், நமக்கென்ன?" என்று எண்ண வேண்டாம். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் சட்டி தூக்கப் போவது யார்? ஆலையில் வேலை நின்றதும் கையாளாகப் போய் நிற்பது யார்? நம் வீட்டு ஜனங்கள்தானே!

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை வட்டாரத்தில் வீடுகளையும் லாட்ஜுகளையும் கட்டுவது பெரும்பாலும் பெரிய கம்பெனிகளல்ல. ஒரு மேஸ்திரி, நாலைந்து கொத்தனார், சில சித்தாட்கள். கம்பெனி அவ்வளவுதான். அங்கே தொழில் படிப்பது எப்படி? பையன் கலவை சுமப்பான். மத்தியான வேளையில் அப்பனோ மாமனோ கரண்டியைக் கையில் கொடுத்து, தூக்குக்குண்டு விடவும் ரசமட்டம் பார்க்கவும் சொல்லித் தருவார். சில வருஷத்தில் கொத்தனார் ஆவான். அந்தப் பள்ளிக்கூடத்தை நாம் இளப்பமாகப் பேசவில்லை. அதுதான் நாட்டைக் கட்டியது. ஆனால் சரக்கு மாறிவிட்டதே, தோழர்களே!

முன்பு சாதாரண சிமெண்டு. இன்று கடைகளில் அதிகம் விற்பது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டு. சாதாரண சிமெண்டுக் கான்கிரீட்டுக்கு 7 நாளாவது தண்ணீர் விட வேண்டும். சாம்பல் கலந்ததற்கு 10 நாளாவது வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. வீட்டுக் கூரைக்கு வழக்கமாகப் போடும் எம்-20 கான்கிரீட்டுக்கு, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. கொட்டச் சுலபம் என்று வாளி வாளியாக ஊற்றினால் என்ன ஆகும்? மிஞ்சிய தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளை விழும். பலம் குறையும். குற்றாலத்துச் சாரல் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கூரை ஒழுகினால் பழி யார் தலையில்? கொத்தனார் தலையில்! சொல்லித் தராதவன் தப்பித்துக்கொள்வான்.

உயிர் விஷயமும் இதிலே இருக்கிறது. சாரம் எப்படிக் கட்டுவது, பள்ளத்து மண் சரியாமல் எப்படித் தடுப்பது, மின்கம்பிக்கு அருகில் இரும்புக் கம்பியை எப்படித் தூக்குவது என்பதையெல்லாம் ஒருவன் விழுந்த பிறகுதானா கற்க வேண்டும்?

நம் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். கையாளாக வந்த ஆண் கொத்தனார் ஆகிறான், கூலி உயர்கிறது. இருபது வயதில் சட்டி தூக்க வந்த சித்தாள் ஐம்பது வயதிலும் சட்டிதான் தூக்குகிறாள். அவள் கைக்கு மட்டும் கரண்டி வருவதில்லை. இது தலைவிதியா? இல்லவே இல்லை. கற்க வழி விடாத அநீதி!

மேஸ்திரியைக் கேட்டால், "நான் கற்றுக் கொடுத்தால் நாளைக்கே வேறிடம் போய்விடுவான்" என்கிறார். அதிலும் உண்மை இருக்கிறது. ஐந்து பேரை வைத்து வேலை செய்கிறவர் தனியாகப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. ஆகையால் செலவைத் தொழில் முழுவதும் சேர்ந்து தாங்க வேண்டும். அதற்குப் பணம் இருக்கிறதா? இருக்கிறது!

தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-இல் கட்டிடத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996-இல் மத்தியச் சட்டம் வந்து, கட்டிடச் செலவில் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் செஸ் வசூலாயிற்று. அந்தச் சட்டத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கி, 2025 நவம்பர் 21-இல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் செஸ் போகவில்லை. அது நம் பெயரில் வசூலாகும் பணம். அந்தப் பணத்தில் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கிய கதை 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் அம்பலமாயிற்று. கேட்காதவன் பங்கு இப்படித்தான் போகும்!

வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்குச் சென்னை அருகே தையூரில் ஒரு வாரப் பயிற்சி, நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலி இழப்பீடு என்று 2023-இல் அறிவிப்பு வந்தது. பயிற்சிக் காலத்துக்குக் கூலி உண்டு என்ற கொள்கையை நாம் வரவேற்கிறோம். ஆனால் தென்காசிக்கும் தையூருக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர். கைக்குழந்தையோடு இருக்கும் சித்தாள் அங்கே எப்படிப் போவாள்?

பக்கத்திலேயே நடத்த முடியுமா? முடியும். குற்றாலத்து மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ஆரியங்காவு, புனலூர் தாண்டினால் கொல்லம். அங்கே 1985-இல் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு மலிவாக வீடு கட்ட நிர்மிதி கேந்திரம் தோன்றியது. வீடும் கட்டினார்கள், அந்த வேலையிலேயே ஆட்களையும் பழக்கினார்கள். பெண்களும் கொத்து வேலை கற்றார்கள். 1988-இல் மத்திய சர்க்கார் அதையே மாதிரியாக வைத்து நாடெங்கும் கட்டிட மையங்கள் அமைக்கத் திட்டம் போட்டது. அதே 1985-இல் திருச்சூரில் முன்னாள் முதலமைச்சர் தோழர் அச்சுதமேனன், லாரி பேக்கர் முதலியோர் காஸ்ட்ஃபோர்டு ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பேக்கர் கொத்தனார்களுக்குச் சுவரருகே நின்றே பழக்கினார். அதில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். மலைக்கு அப்பால் முடிந்தது இப்பால் முடியாதா?

நம் கோரிக்கைகள் இவை. தென்காசி 2019-இல் தனி மாவட்டம் ஆயிற்று. பயிற்சியும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் பூச்சு வேலையும் கூரை வேலையும் தடைப்பட்டு நாம் வீட்டில் முடங்கும் நாட்களில், அரசு தொழிற்பயிற்சி நிலையங்களின் கதவு நமக்குத் திறக்க வேண்டும். அந்த நாட்களுக்கு வாரிய நிதியிலிருந்து முழுக் கூலி வேண்டும். வகுப்பில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும். ஒரு தடவையோடு முடியாமல், புதுச் சரக்கு வரும்போதெல்லாம் வகுப்பும் வர வேண்டும். சான்றிதழ் பெற்றவருக்குக் கூலி உயர வேண்டும். உயராவிட்டால் அது சுவரில் மாட்டும் காகிதம்தான்!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம், பயிற்சி பெறுகிறவன் தொழிலாளி அல்ல என்று சொன்னது. அந்தச் சந்தில் நுழைந்து, "பயிற்சி" என்ற பெயரில் நம் பிள்ளைகளிடம் மலிவுக் கூலிக்கு முழு வேலை வாங்கியவர்கள் உண்டு. அந்தத் தந்திரத்தைக் கட்டிட வேலைக்குள் நுழைய விடக் கூடாது. கற்கிறவனும் தொழிலாளியே!

ஆகவே தோழர்களே, முதல் வேலை இதுதான்: வாரியத்தில் பதிவு செய்யாத ஒருவர்கூட நம் தெருவில் இருக்கக் கூடாது. அடுத்த சாரலுக்கு முன்னால் கையெழுத்து வாங்கி, கொத்தனாரும் சித்தாளும் சேர்ந்தே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். ஆலைத் தோழர்களும் வயல் தோழர்களும் கூட வர வேண்டும்.

நாம் பிச்சை கேட்கவில்லை. நம் பணத்தில் நம் கல்வியைக் கேட்கிறோம்!