பதின்மூன்றாம் எண் வீட்டுத் தாய்

(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதர் கூட்டம் என்பதால் உழைத்து வாழ்ந்த ஒரு தாயைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் தமிழ்நாட்டுத் தாய் ஒருவரைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு வங்காளித் தாயைப் பற்றி. பிழைக்க வந்த இந்தக் கல்கத்தாவில் மார்க்கெட்டுக்கு வழி தெரிகிறது, டிராம் எங்கே நிற்கும் என்று தெரிகிறது. நம்மைப்போல் ஊர்விட்டுப் போன கூலி ஜனங்களுக்காக இந்த ஊரில் யார் வாய் திறந்தார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. அதனால்தான் இந்த அம்மாள்.

பெயர் காதம்பினி கங்குலி. 1861-ஆம் ஆண்டில் பிறந்தவர். தகப்பனார் பாகல்பூரில் தலைமையாசிரியர், பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் கூலிக்காரி அல்ல, நம் வர்க்கத்துப் பெண் அல்ல. படித்த, உயர்ந்த சாதிக் குடும்பம். பின்னால் அவருக்கு வண்டி இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள். நமக்கும் அவருக்கும் எல்லாம் ஒன்று என்று நான் கதை கட்ட வரவில்லை. ஆனால் சம்பாதித்துக்கொண்டே பிள்ளை வளர்த்தவள், பிள்ளை வளர்த்துக்கொண்டே சம்பாதித்தவள் என்ற வகையில் அவர் பட்டதைக் கேட்டால், உங்களில் பாதிப் பேர் “இது என் கதை” என்பீர்கள்.

1883-இல் சந்திரமுகி பாசுவும் காதம்பினியும் பட்டம் வாங்கினார்கள். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் பெண்கள் இந்த இருவர்தாம். அடுத்து டாக்டர் படிப்பு. இங்கே நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் விட முடியவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தா சேர்க்க மறுத்தது. அதனால் அபலா தாஸ் என்ற வங்காளிப் பெண் 1882-இல் இங்கிருந்து சென்னைக்குப் போய்ப் படித்தார். பிற்காலத்தில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியானவர் அவர்தான். நாம் பிழைப்புக்கு இங்கே வந்தோம், அவர் படிப்புக்கு அங்கே போனார்! காதம்பினி போகவில்லை. இங்கேயே நின்று, கதவு திறக்கும் வரை தட்டினார். கல்லூரி இறங்கி வந்தது. பெண் மருத்துவம் படிப்பதே பிடிக்காத பேராசிரியர் ஒருவரின் பாடத்தில் ஒரே மார்க்கில் தோற்றார் என்று சொல்வார்கள். ஆனாலும் 1886-இல் கல்லூரிச் சான்றிதழோடு வெளியே வந்தார். நமக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தெரியும். அவர் சென்னையில் பட்டம் பெற்றது 1912-இல். அதற்கு இருபத்தாறு வருஷம் முந்திய சங்கதி இது.

கல்லூரியில் சேரும் முன்பே கல்யாணம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை துவாரகநாத் கங்குலி, அவருடைய பழைய ஆசிரியர். வயது முப்பத்தொன்பது, மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உண்டு. ஊரே முகம் சுளித்தது. இருபத்தொரு வயதுப் பெண் ஒரே நாளில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிற்றன்னை ஆனார். மூத்தாள் மகள் பிதுமுகி அவரைவிடச் சில வயதே இளையவள். சிற்றன்னை என்றால் நம் கதைகளில் ஒரே ஒரு மாதிரிதான் உண்டு. இந்த வீட்டில் அந்தக் கதை நடக்கவில்லை.

வீடு கார்ன்வாலிஸ் தெரு பதின்மூன்றாம் எண். இப்போது அந்தத் தெருவுக்கு பிதான் சரணி என்று பெயர். பிரம்ம சமாஜக் கோயிலுக்கு எதிரே பெரிய பழைய வீடு. பிதுமுகியின் கணவர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் போட்டவர். அவர்கள் குடும்பமும் அதே வீட்டில். 1887-இல் அங்கே பிறந்த பேரன்தான் சுகுமார் ராய். மூத்தாள் பிள்ளைகள், தாம் பெற்ற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அம்மாளின் அறையில் படிப்புக்காக வைத்திருந்த மனித எலும்புக்கூடு தொங்கும். பிள்ளைகள் பயந்துகொண்டே எட்டிப் பார்ப்பார்களாம். நோயாளி வீட்டுக்குக் குதிரை வண்டியில் போகும்போது அவர் கை சும்மா இருக்காது, லேஸ் பின்னிக்கொண்டே போவார். பஸ்ஸில் பூக் கட்டிக்கொண்டே வரும் நம் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்!

படித்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை பிறந்தது. பேறுகாலத்துக்கு அவர் எடுத்த விடுப்பு பதின்மூன்றே நாள். இது இங்கிலாந்து வரை பேச்சாயிற்று. 1888-இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஒரு கடிதத்தில் இதை வியந்து எழுதியிருக்கிறார். வியக்கட்டும். எனக்கு வியக்கத் தோன்றவில்லை, வயிறு எரிகிறது. பதின்மூன்று நாள் பச்சை உடம்போடு ஒரு பெண் எழுந்து வந்தால் அது அவளுடைய வைராக்கியம் மட்டும் அல்ல, அவளுக்கு வேறு வழி வைக்காத ஏற்பாடும்தான். 2017-இல் சட்டத்தைத் திருத்தி இருபத்தாறு வாரம் என்றார்கள், ஐம்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். நல்லது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நம் தங்கச்சிக்கு அந்த இருபத்தாறு வாரத்தை யார் கொடுத்தார்கள்? பத்தொன்பதாம் நாள் அவள் வாளியைத் தூக்கியதை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்?

அதே 1888-இல் டப்ரின் சீமாட்டி பெண்கள் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. மாதம் 300 ரூபாய், அந்தக் காலத்தில் பெரிய சம்பளம். ஆனாலும் சீமைப் பட்டம் பெற்ற வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கீழேதான் நிற்க வேண்டியிருந்தது. பணக்கார வீடு ஒன்றில் பிரசவம் பார்த்த பிறகு, மருத்துவச்சி என்று நினைத்து அவரைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டு, உண்ட இடத்தையும் துடைத்துவிட்டுப் போகச் சொன்னதாகச் சொல்வார்கள். டாக்டருக்கே இந்த மரியாதை என்றால் உண்மையான மருத்துவச்சிகளுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்?

1891-இல் இதைவிடப் பெரிய அடி. ‘பங்கபாசி’ என்ற பத்திரிகை, வேலைக்குப் போகும் இந்தப் பெண்ணை வேசி என்று பொருள்படும்படி ஜாடையாக எழுதியது. நம் தெருவில் இன்றைக்கும் அதே பேச்சுத்தானே? இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணைப் பார்த்து என்ன சொல்கிறார்கள்? அழுதுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் நமக்குப் பழக்கம். காதம்பினி வழக்குப் போட்டார். கணவர் கூட நின்றார், டாக்டர் நீல்ரத்தன் சர்க்கார் கூட நின்றார். பத்திரிகை ஆசிரியருக்கு ஆறு மாதம் சிறை, நூறு ரூபாய் அபராதம். தோழர்களே, ஆண்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்: அந்தக் கணவர் “உன்னால் எனக்கு அவமானம், வேலையை விடு” என்று சொல்லவில்லை.

1893-இல் சீமைக்குக் கப்பல் ஏறினார். எடின்பரோ, கிளாஸ்கோ என்று அந்த ஊர்ப் பட்டங்களை வாங்கிக்கொண்டு அதே வருஷம் திரும்பினார். கைக்குழந்தையை யார் பார்த்தது? மூத்தாள் மகள் பிதுமுகி. தாய் திரும்பி வந்தபோது குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை, அழுதுகொண்டு அக்காளிடமே ஓடிற்று என்பது வீட்டார் சொல்லிவந்த செய்தி. வெற்றி பெற்றவர்கள் வரலாற்றில் பிதுமுகி போன்றவர்களுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தான். தாய் வேலைக்குப் போக மூத்த பெண் இடுப்பில் தம்பியைத் தூக்குகிறாள். ஆனால் ஒரு வித்தியாசம், கவனியுங்கள். பிதுமுகி தன் படிப்பைத் தொலைத்துவிட்டுத் தூக்கவில்லை, கல்யாணமாகித் தன் பிள்ளைகளோடு சேர்த்து அந்தக் குழந்தையையும் வளர்த்தாள். நம் வீட்டுப் பெண் பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விடுகிறாள்.

இனி நமக்கு நேரே சம்பந்தப்பட்ட சங்கதிக்கு வருகிறேன். கணவர் துவாரகநாத் 1886-இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கே போனவர். கூலிகளை எப்படிப் பிடித்துப் போகிறார்கள், ஒப்பந்தம் என்ற பெயரில் எப்படி அடைக்கிறார்கள் என்று பார்த்து வந்து பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதினார். 1887-இல் காங்கிரஸ் கூடியது நம் சென்னையில். தேயிலைக் கூலிகளின் விஷயத்தை எடுக்கச் சொன்னபோது, அது மாகாண விவகாரம், அகில இந்தியச் சபையில் பேச முடியாது என்று தள்ளிவிட்டார்கள். இலங்கை மலையகத்தில் தமிழன் இதே தேயிலைக்கு முதுகு வளைத்துக்கொண்டிருந்த காலம் அது! 1889-இல் காங்கிரசுக்கு முதன்முதலாகப் பெண் பிரதிநிதிகள் வந்தபோது அவர்களில் காதம்பினியும் ஒருவர். அடுத்த வருஷம் கல்கத்தா மாநாட்டு மேடையில் ஏறிப் பேசினார்.

1898-இல் துவாரகநாத் இறந்தார். அன்றைக்கே ஒரு வீட்டிலிருந்து பிரசவத்துக்கு அழைப்பு வந்தது, அவர் பையை எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் அந்தக் குடும்பத்தின் தூண் அவர்தான்.

1860-ஆம் ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கூலிக் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து, பெல்விடேர் என்ற கப்பல் இந்தக் கல்கத்தாவிலிருந்து. அந்த ஜனங்களும் அவர்கள் பிள்ளைகளும் பின்னால் வந்த வியாபாரிகளும்தாம் டிரான்ஸ்வாலில் கைரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்றார்கள். 1908-இல் காந்தி சிறை போனார், தம்பி நாயுடு போனார், கூடை தூக்கி விற்ற தமிழர்கள் போனார்கள். அந்த 1908-இல் கல்கத்தாவில் பெண்களைக் கூட்டி, அந்தத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகக் கூட்டம் நடத்தித் தலைமை தாங்கியவர் காதம்பினி. கூட்டம் போட்டதோடு நிற்கவில்லை, சங்கம் அமைத்து நிதி திரட்டினார். வயது நாற்பத்தேழு, விதவை, வீடு நிறையப் பிள்ளைகள், நாள் முழுக்க நோயாளிகள். தாம் கண்ணால் பார்த்திராத தமிழ்க் கூலிக் குடும்பங்களுக்காகத் துண்டு ஏந்தியிருக்கிறார். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய் வாங்கி 1914-இல் இறந்தபோது வயது பதினாறு. அந்தப் பெண்ணின் பெயரை நம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். கூடவே இந்த ஊர் அம்மாளின் பெயரையும் சொல்ல வேண்டாமா?

கடைசியாக ஒன்று. 1922-இல், அறுபத்தோராவது வயதில், கவிஞர் காமினி ராயோடு பீகார், ஒரிசாச் சுரங்கங்களுக்குப் போனார், பெண் தொழிலாளிகளின் நிலையை விசாரிக்க. அங்கே புருஷன் கரி வெட்டுவான், மனைவி கூடையில் சுமந்து தொட்டியில் கொட்டுவாள். குழந்தையும் கூடவே உள்ளே போகும். பெண்களைச் சுரங்கத்துக்கு அடியில் இறக்குவதைப் படிப்படியாக நிறுத்த 1929-இல்தான் விதி வந்தது. யுத்தத்துக்குக் கரி வேண்டும் என்று 1943-இல் மறுபடி இறக்கினார்கள், அது வேறு கதை. விசாரணையின்போது அவருக்கு ஓய்வெடுக்கும் வயது. ஓய்வெடுக்கவில்லை.

1923 செப்டம்பர் 10-ஆம் தேதி, அந்த வீட்டில் பிறந்த பேரன் சுகுமார் ராய் முப்பத்தைந்து வயதில் இறந்தார். அவர் மகன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டு வயது. ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்த அதே சத்யஜித் ராய்தான். மூன்று வாரம் கழித்து அக்டோபர் 3-ஆம் தேதி காதம்பினியும் போய்விட்டார். அன்றைக்கும் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தவர்தான்.

மகள் ஜோதிர்மயி ஆசிரியையானார், சுதந்திரப் போராட்டத்தில் நின்றார். 1945 நவம்பரில், செங்கோட்டையில் நேதாஜியின் வீரர்களை விசாரித்ததை எதிர்த்துக் கல்கத்தா மாணவர்கள் கிளர்ந்தார்கள். அந்தப் படையில் மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கிளர்ச்சி நாட்களில்தான் ஜோதிர்மயியின் வண்டியில் ராணுவ லாரி மோதி அவர் இறந்தார்.