கோச்சை மாற்றும் முன்

(பொங்கலை ஒட்டி நடந்த நம் சங்கக் கூட்டத்தில், நம் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

செயலாளர் என்னிடம் பேசச் சொன்ன தலைப்பு ‘விளையாட்டும் உடல்நலமும்’. அதைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். இங்கே எல்லோர் மனதிலும் இருப்பது வேறு விஷயம். நம் பிள்ளைகளின் கால்பந்துக் குழுவில் ஜூன் மாதம் 22 பேர் இருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணிப் பார்த்தேன், 9 பேர். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றிருக்கிறோம். ‘கோச்சை மாத்துங்க’ என்று சங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அந்தக் கோச் தம்பியும் இங்கே கடைசி வரிசையில்தான் நிற்கிறார். கம்பெனியில் ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து வந்து, ஒரு ரூபாய் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிற பையன். அவர் இல்லாத இடத்தில் பேசுவதைவிட அவர் எதிரில் பேசுவதுதான் மரியாதை. அதனால் அதையே பேசுகிறேன்.

முதலில் நமக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையின் எஃப்சி அணியை எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து ரயிலேறி நேரு ஸ்டேடியம் போய்ப் பார்த்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். 2017-இல் அந்த அணிக்கு ஜான் கிரிகரி என்ற இங்கிலாந்துக்காரர் கோச்சாக வந்தார். ஆஸ்டன் வில்லா போன்ற பெரிய கிளப்பை நடத்திய அனுபவசாலி. வந்த முதல் சீசனிலேயே கோப்பை. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியின் சொந்த மைதானத்தில், 3-2 என்று ஜெயித்தார்கள்.

அடுத்த சீசன் என்ன ஆனது? 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 13 தோல்வி. பத்து அணிகளில் பத்தாவது இடம். அதே கோச். கோப்பை தூக்கிய பலர் அதே அணியில். ஒரே வருடத்தில் அவருக்குக் கால்பந்து மறந்துபோயிருக்குமா? பிள்ளைகளுக்கு ஓடத் தெரியாமல் போயிருக்குமா?

கிளப் அவரை உடனே அனுப்பவில்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். 2019 அக்டோபரில் அடுத்த சீசன் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டத்தில் சென்னை ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டம் முடிந்தபோது ஒரே ஒரு வெற்றி, 5 புள்ளிகள். நவம்பர் கடைசியில் கிளப்பும் அவரும் பேசிப் பிரிந்துகொண்டார்கள்.

பதிலுக்கு ஓவன் காயில் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், இங்கிலாந்தில் பர்ன்லி அணியை பிரீமியர் லீக்குக்கு உயர்த்தியவர். சீசன் நடுவில் வந்ததால் பெரும்பாலும் இருந்த ஆட்களை வைத்துத்தான் ஆடவேண்டும். மீதி 12 ஆட்டத்தில் அந்த அணி 24 புள்ளிகள் எடுத்தது. நான்காவது இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, 2020 மார்ச் 14 அன்று இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டது. கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்த ஆட்டம் அது. கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றார்கள், அது வேறு கதை. முதலில் கோல் வராமல் தவித்த அதே அணியில் இருந்த வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார்.

இதைக் கேட்டதும் சில அப்பாக்கள் முகத்தில் சிரிப்பு வருகிறது. ‘பார்த்தீங்களா சார், கோச்சை மாத்தினா சரியாயிடும்’ என்று. கொஞ்சம் பொறுங்கள். அதே கிளப்பில் இரண்டு வருடம் கழித்து இன்னொன்று நடந்தது. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்றவுடன் போசிதார் பாந்தோவிச் என்ற கோச்சை நீக்கினார்கள். அந்த சீசனில் சில ஆட்டங்களே மிச்சம். மாற்றியும் பதினோரு அணிகளில் எட்டாவது இடத்தில்தான் முடித்தார்கள். ஒரே கிளப், ஒரே மருந்து. ஒருமுறை கேட்டது, ஒருமுறை கேட்கவில்லை. அதனால் ஆளை மாற்றுவது மட்டுமே வைத்தியம் என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் உள்ளே எது உடைகிறது? பெரிய இடத்து உதாரணம் ஒன்று. செல்சி கிளப் 2015 மே மாதம் இங்கிலாந்து சாம்பியன். கோச் ஜோசே மொரீனியோ. ஏழே மாதத்தில், 16 ஆட்டத்தில் 9 தோல்வி, பதினாறாவது இடம். ஒரு தோல்விக்குப் பிறகு அவர் தன் உழைப்புக்குத் துரோகம் நடந்ததாகத் தோன்றுகிறது என்று டிவியிலேயே பேசினார். மூன்று நாளில் வேலை போனது. கோச்சுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை என்று கிளப் நிர்வாகியே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த சீசனில் புதிதாகச் சிலர் வந்தாலும், ஹசார்ட், கோஸ்டா, மட்டிச் போன்ற பழைய ஆட்கள்தான் முதுகெலும்பு. கோன்டே என்ற புது கோச் வந்தார். ஆரம்பத்தில் அர்செனலிடம் 3-0 என்று அடி வாங்கினார். உடனே தன் ஆட்டமுறையை மாற்றினார். அதன்பின் லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி, கடைசியில் சாம்பியன் பட்டம்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோற்றபோது ஒருவர் பிள்ளைகளைக் கையைக் காட்டினார். இன்னொருவர் தன் திட்டத்தைத் திருத்தினார். தோற்பதால் மட்டும் நம்பிக்கை போவதில்லை. தோற்ற பழி யார் தலையில் விழுகிறது என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் சொந்தத் தப்பில் கற்றது. முப்பது வருடம் இருக்கும். ஒரு பள்ளியின் அணியோடு வட்டார அளவிலான போட்டிக்குப் போயிருந்தேன். இடைவேளையில் 3-0 என்று பின்தங்கியிருந்தோம். எல்லோர் எதிரிலும் கோல்கீப்பர் பையனை ‘உன்னாலதான்டா எல்லாம் போச்சு’ என்று கத்தினேன். உண்மையில் தப்பு என்னுடையது. தடுப்பாட்டக்காரர்களை அளவுக்கு மீறி முன்னால் ஏற்றியிருந்தேன். அவர்களுக்குப் பின்னால் வெட்டவெளி. பாவம், தனியாக நின்ற பையன் என்ன செய்வான்?

அன்றைக்குப் பிறகு பிள்ளைகள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எதைச் சொன்னாலும் ‘சரி சார்’. முன்பெல்லாம் ‘ஏன் சார் அப்படி, இப்படி ஆடினா என்ன சார்’ என்று கேட்பார்கள். அது நின்றுவிட்டது. நான் அதை ஒழுக்கம் என்று நினைத்து சந்தோஷப்பட்டேன். அது ஒழுக்கம் இல்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கால்வலி, வயிற்றுவலி, டியூஷன் என்று நிற்க ஆரம்பித்தார்கள். கோல்கீப்பர் வரவே இல்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா தறிக்காரர். கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார். உங்களில் பலருக்குத் தெரியும், கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். பெரியவர் ஒரு பக்கம், கரைக்கு நாடா தள்ளிக்கொடுக்க இன்னொருவர் மறுபக்கம். நான் போனபோது மறுபக்கம் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளை ஏதோ தப்பு செய்ய, ஒரு இழை அறுந்தது. அவர் திட்டவில்லை. தறியை நிறுத்தினார், முடிச்சுப் போட்டார், மறுபடி தொடங்கினார். என்னிடம், ‘வாத்தியாரே, நான் இப்ப கத்தினா அதுக்குக் கை நடுங்கும். அடுத்த இழையும் அறும். அப்புறம் சேலை முழுக்க என் தலையிலதான்’ என்றார். என் பையனை ஏன் திட்டினீர்கள் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் பிள்ளைகளை உட்காரவைத்து, அந்த மூன்று கோலும் என் தப்பு என்று சொன்னேன். எப்படித் தப்பு என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். கோல்கீப்பரிடம் எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டேன். திட்டியது எல்லோர் எதிரிலும் என்றால் மன்னிப்பும் அங்கேதான் கேட்கவேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தோமா? இல்லை, 1-0 என்று தோற்றோம். ஆனால் திங்கட்கிழமை பயிற்சிக்கு அத்தனை பேரும் வந்தார்கள். ஒருத்தன், ‘சார், நீங்க சொன்னது சரியா வரலை, வேற மாதிரி ஆடலாமா?’ என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

நம்பிக்கை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வாத்தியார் இருக்கிறார். ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். ‘மைதான்’ என்ற இந்திப் படம் 2024-இல் அவரைப் பற்றித்தான் வந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. இறுதியில் அதே தென்கொரியா. தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்னணியில் ஆடச் சொன்னார். உடல்நலமில்லாமல் இடையில் ஆட முடியாமல் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை மறுபடி நிறுத்தினார். இன்னொரு கோச் சொல்லியிருந்தால் ‘உனக்கென்ன பைத்தியமா’ என்று கேட்டிருப்பார்கள். அவர் சொன்னதால் ஆடினார்கள். 2-1 என்று தங்கம் ஜெயித்தார்கள், இரண்டாவது கோல் ஜர்னைல் சிங்குடையது. அப்போது ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். அடுத்த வருடம் ஜூனில் காலமானார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

கோச் தம்பி, உங்களிடம் மூன்று கேள்வி. இங்கே பதில் வேண்டாம், வீட்டில் யோசியுங்கள். தோற்ற பிறகு முதலில் யார் பெயர் உங்கள் வாயில் வருகிறது? கடைசியாக எப்போது ஒரு பிள்ளை உங்களிடம் ‘ஏன்’ என்று கேட்டது? வராமல் போன 13 பேரில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் விசாரித்தீர்கள்? நீங்கள் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்லவர்கள் பேச்சையும் பிள்ளைகள் கேட்காமல் போவதுண்டு. அது அவமானம் இல்லை. தெரிந்தும் அப்படியே விடுவதுதான் தப்பு.

பிள்ளைகளே, உங்களுக்கும் பங்கு உண்டு. மைதானத்துக்கு வராமல் இருப்பது பதில் ஆகாது. கோச் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது வீரம் ஆகாது. கேப்டன் மூலமாக நேரில் சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் எதையும் சொல்லலாம்.

பெற்றோர்களே, உங்களைச் சும்மா விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கோச் ‘பாஸ் கொடு’ என்கிறார். கோட்டுக்கு வெளியே நின்று அப்பா ‘நீயே அடிடா’ என்கிறார். பிள்ளை யாரை நம்பும்? ராத்திரி சாப்பாட்டில் ‘உங்க கோச்சுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று நீங்கள் சொன்னால், மறுநாள் மாலை அவர் பேச்சு எப்படி ஏறும்? அவர் நம்பிக்கையில் பாதியை நாம்தான் கரைத்தோம்.

சங்கத்துக்கு என் யோசனை இதுதான். சித்திரை வரை மூன்று மாதம் கொடுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பத்து நிமிடம் கோச் பேசாமல் பிள்ளைகள் பேசட்டும். ஆட்டத்தின்போது பெற்றோர் கைதட்டலாம், யோசனை சொல்லக்கூடாது. நின்றுபோன பிள்ளைகள் வீட்டுக்குக் கோச்சோடு நானும் வருகிறேன். மூன்று மாதம் கழித்து, எத்தனை ஆட்டம் ஜெயித்தோம் என்று எண்ண வேண்டாம். எத்தனை பிள்ளைகள் திரும்பி வந்தார்கள் என்று எண்ணுவோம். வரவில்லை என்றால், தம்பி, அப்போது நீங்களே ஒதுங்கி இன்னொருவருக்கு வழிவிடுங்கள். கோப்பை வாங்கிக்கொடுத்த கிரிகரியே ஒதுங்கவேண்டி வந்தது. இந்த மேடையில் சால்வை போட்டு வழியனுப்புவோம். வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பமாட்டோம்.

நேரம் கடந்துவிட்டது, பொங்கல் ஆறிக்கொண்டிருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருப்பேன். 9 பேருக்கு மேல் வந்தால் டீயும் வடையும் என் செலவு.