காற்று வராத ப்ளோயர்



சித்திரை வெயிலில் தார் உருகும் சேலத்திலும் நாமக்கல்லிலும் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி மாதத்து விடியற்காலையில் கொல்லிமலைக்குப் பிரயாணம் செய்திருக்கமாட்டார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகையில், வெளியே பனி மூட்டமும், உள்ளே அமர்ந்திருப்பவர்களின் மூச்சுக் காற்றும் சேர்ந்து முன்கண்ணாடியைப் புகைபோல் மூடிவிடும் சமயத்தில், பாதையை மறுபடியும் கண்ணுக்குக் காட்டுவது ஹீட்டர் அனுப்பும் சூடான காற்றே. ஏற்காட்டின் 20 வளைவுகளில் பழைய கார் திணறி, உஷ்ணமானியின் முள் மேலே ஏறும்போது, அனுபவசாலியான டிரைவர் ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழு வேகத்தில் திருப்புவார். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் என்பது என்ஜினின் வெந்நீர் ஓடும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஆகையால் என்ஜினின் உஷ்ணத்தில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறிவிடுகிறது.

இத்தனைக்கும் ஆதாரம், ப்ளோயர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரே விசிறி. பெரும்பாலான கார்களில் ஏ.சி.யின் குளிர்ந்த காற்றையும் அதுவே தள்ளுகிறது. 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 போன்ற பழைய கார்களை இன்னும் அருமையாக வைத்திருப்பவர்கள், இந்த விசிறி நின்றுவிட்டால், உடனே மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். வைத்தியர் நாடி பார்த்த பிறகே மருந்து கொடுப்பதைப்போல, கரண்ட் வரும் மார்க்கத்தை முறையாகப் பரீட்சித்த பிறகே சாமானை மாற்றவேண்டும்.

விசிறியின் குறியைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். குறைந்த வேகங்களில் அசையாமல், கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால், மோட்டாரின்மேல் குற்றமில்லை, ரெசிஸ்டரைச் சந்தேகிக்கவேண்டும். கரண்டைக் குறைத்து வேகத்தை மட்டுப்படுத்தும் அதன் சுருள் கம்பி, விசிறியின் காற்றிலேயே குளிரும்படி வைக்கப்பட்டிருப்பதால், தூசியால் காற்றோட்டம் குன்றியதும் காய்ந்து அறுந்துவிடுகிறது. கடைசி வேகத்திலோ கரண்ட் அதைத் தொடாமலே போகிறது. டாஷ்போர்டின் அடியில் கையால் தட்டினால் ஓடி, சற்று நேரத்தில் நின்றுவிடுமானால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கரகரவென்று சத்தம் கேட்டால், முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுத் துவாரத்தின் வழியாக வேப்பஞ் சருகும் புளிய இலையும் உள்ளே போய் விசிறிச் சக்கரத்தில் சிக்கியிருக்கலாம். மரத்தடியில் நிற்கும் கார்களுக்கு இது சகஜம்.

எந்த வேகத்திலும் ஓடாவிட்டால், முதலில் ப்யூஸைப் பாருங்கள். புதிதாகப் போட்டதும் மறுபடி எரிந்தால், மோட்டார் இறுகி அதிகக் கரண்டை இழுக்கிறது, அல்லது ஒயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது. அப்போது அதிக ஆம்பியர் ப்யூஸையோ, செப்புக் கம்பியையோ வைப்பது காருக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

ப்யூஸ் நன்றாக இருந்தால், பெரும்பாலும் இடப்பக்க டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சுவிட்சைக் கடைசி வேகத்தில் வைத்து, பிளக்கின் இரண்டு முனைகளிலும் 12 வோல்ட் டெஸ்ட் லாம்பை இணையுங்கள். விளக்கு பிரகாசமாக எரிந்தும், பிளக்கைத் திரும்ப மாட்டியபின் மோட்டார் சுற்றவில்லையென்றால், குற்றம் மோட்டாருடையது. எரியாவிட்டால் மோட்டார் நிரபராதி. ரிலே, சுவிட்ச், கருகிப்போன பிளக், துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகியவற்றில் ஒன்றே காரணம். மங்கலாக எரிந்தால், எங்கோ லூஸ் கான்டாக்ட் உண்டு.

லாரித் தொழிலுக்குப் பேர்போன நம் வட்டாரத்தில் கைதேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குக் குறைவில்லை. ஆனாலும், புது மோட்டார் போடவேண்டும் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன், பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று உங்கள் கண்ணெதிரே ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.