பெயரைக் காத்த லட்டு

குப்பத்தில் பட்டம் பெறும் பிள்ளைகளே!

தொழில் தொடங்குகிறவர்கள் கடை வாடகையிலிருந்து மெஷின் கடன்வரை கணக்குப் பார்க்கிறார்கள். தொழிலின் பெயரும் கண்டுபிடிப்பும் யாருக்குச் சொந்தம் என்று எழுதிவைக்க மட்டும் பலருக்கு நேரம் வருவதில்லை. நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது: திருப்பதி லட்டு.

அதில் இருப்பதெல்லாம் கடலைமாவு, நெய், சர்க்கரை, முந்திரி, திராட்சை, ஏலக்காய், கற்கண்டு. எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சரக்குதான். ஆயிரக்கணக்கில் லட்டு பிடிக்க எது எவ்வளவு போட வேண்டும் என்று மடப்பள்ளியில் அளவுப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். இதற்குக் காப்புரிமை கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. தலைமுறைகளாகச் செய்துவருவது புதிய கண்டுபிடிப்பு ஆகாது. கிடைத்தாலும் 20 ஆண்டில் முடிந்துபோகும்.

லட்டு தரும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பக்குவத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்தது. 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. லட்டு யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். பெட்டியில் ‘திருப்பதி லட்டு’ என்று அச்சடிக்க முடியாது. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஊர்மக்களுக்குப் பொதுவாக இருக்க வேண்டிய குறியீட்டை ஒரே அமைப்பு வைத்துக்கொள்ளலாமா என்று விமர்சனமும் எழுந்தது. நியாயமான கேள்வி. ஆனாலும் எதைக் காப்பது என்ற முடிவு மிகச் சரியானது.

காளஹஸ்தி கலம்காரிக்கும் குறியீடு உண்டு. ஆனால் துணியில் மூங்கில் பேனா பிடித்து வரைகிறவர், அங்கீகாரம் பெற்ற பயனாளராகத் தன் பெயரையும் பதிந்தால்தான் அதன் முழுப் பலன் அவர் கைக்கு வரும். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல உங்களைப் போன்ற படித்த பிள்ளைகள் வேண்டும்.

பெயரைப் போலக் கண்டுபிடிப்பையும் காக்கலாம். கோவை முருகானந்தம் குறைந்த விலை சானிட்டரி நாப்கின் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதைப் பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிடாமல், சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு இயந்திரத்தையே விற்றார். சந்தை யாருக்குப் போக வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார்.

எங்கள் மாணவப் பருவத்தில் ரெக்கார்ட் நோட்டில் தேதியோடு கையெழுத்து வாங்கப் பேராசிரியர் அறை வாசலில் காத்துக்கிடப்போம். அன்று அலுப்பாக இருந்தது. எழுதிவைப்பதன் அருமை பிறகுதான் புரிந்தது. மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு 1997-ல் ரத்து செய்யவைத்தது எதை வைத்து? பழைய நூல்களில் எழுதியிருந்ததை வைத்து! எழுத்தில் இருந்ததால் வென்றோம்.

உங்கள் ப்ராஜெக்டைக் கண்காட்சியில் விளக்கி, யூடியூபில் போட்டுவிட்டுக் காப்புரிமைக்கு ஓடாதீர்கள்; ஊருக்கே தெரிந்துவிட்டால் புதுமை போய்விடும். முதலில் தற்காலிக விண்ணப்பம் கொடுங்கள். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் கட்டணம் குறைவு. மூன்று நண்பர்கள் சேர்ந்து கடை போட்டால், டிரேட்மார்க்கை யார் பெயரில் பதிவது என்பதை முதல் பில் போடும் முன்பே பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.