கறுப்பு மலமா? மறைக்காமல் சொல்லுங்கள்

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போனால் அது வயிற்றுக்குள் இரத்தக் கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வாருங்கள். தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் 999-ஐ அழையுங்கள்.

யாரை உடனே கவனிக்க வேண்டும், யார் வீடு திரும்பலாம் என்று முடிவு செய்ய, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்டு மதிப்பெண் மருத்துவர்களுக்கு உதவுகிறது. 2020-இல் வெளியான ஆய்வொன்றில், முந்தைய நோயாளிகளின் பதிவுகளைக் கற்ற கணினி, ஆபத்து குறைந்தவர்களை அதைவிடச் சரியாக இனங்கண்டது. சிங்கப்பூர் நோயாளிகளின் பதிவுகளிலும் அதைச் சோதித்தார்கள்.

இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஹீமோகுளோபின், யூரியா ஆகியவற்றை நாங்கள் அளந்துகொள்வோம். மலம் கறுத்ததும் வீட்டில் மயங்கி விழுந்ததும் உங்கள் வாயால்தான் தெரியவேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால் கணக்கே தவறிவிடும், மருத்துவர் போட்டாலும் கணினி போட்டாலும். மூட்டுவலி மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டு வாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும்தான், அதுவும் மலத்தைக் கறுப்பாக்கும்.